கரண்ட் பல்பிலேயே தீர்ந்துவிடுகிறது என்றால் இரண்டாவது வயர் எதற்கு? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மின்சாரம் சொல்லித்தர உதவி தேவை

தாமரைக்குளம்

வணக்கம். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மின்சாரம் என்ற தலைப்பை எடுத்திருக்கிறாள். "எலக்ட்ரான்களின் ஓட்டமே மின்னோட்டம்" என்று கேட்டால் தூக்கத்திலும் ஒப்பிப்பாள், அதில் குறை இல்லை. ஆனால் நேற்று அவள் கேட்டதற்குத்தான் இங்கே வந்திருக்கிறேன்: "பேட்டரியிலிருந்து கரண்ட் போய் பல்பு எரியுது. எரிஞ்சதும் கரண்ட் தீர்ந்துடும்ல? அப்ப இன்னொரு வயர் எதுக்கும்மா திரும்பி வருது?"

பத்து வயதுப் பிள்ளையிடம் பொய்யும் சொல்லக் கூடாது, தலையைச் சுற்ற வைக்கவும் கூடாது. எங்கே ஆரம்பிப்பது, என்னென்ன சாமான் வாங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ்

அக்கா, உங்கள் மகள் கேட்டது மின்சாரப் பாடத்திலேயே முதன்மையான கேள்வி. நடுநிலைப் பள்ளியில் இந்தப் பாடத்தை எடுத்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒன்றை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு மற்றதெல்லாம் தானாக வரும். இது விளங்காமல் வரையறை, அலகு, குறியீடு என்று எத்தனை மனப்பாடம் செய்தாலும் ஒன்பதாம் வகுப்பில் வந்து அப்படியே நிற்பார்கள்.

பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஒரு பேட்டரி கட்டை, டார்ச் லைட்டில் போடுகிற குட்டி குண்டு பல்பு ஒன்று, ஒரு சாண் வயர் ஒன்றே ஒன்று, இரு முனையிலும் தோல் உரித்தது. இதை அவள் கையில் கொடுத்து எரிய வைக்கச் சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் உட்காருங்கள். ஹோல்டர் தராதீர்கள், இரண்டாவது வயரும் தராதீர்கள். பெரும்பாலும் பல்பின் அடியைக் கட்டையின் மேல் குமிழில் வைத்துவிட்டு எரியவில்லையே என்பாள். அப்புறம் வயரை நடுவில் வைத்து, ஒரு முனை கட்டைக்கு, ஒரு முனை பல்பின் அடிக்கு என்று முயல்வாள். அதுவும் எரியாது. கொஞ்ச நேரம் போகட்டும், நீங்கள் கை நீட்டக் கூடாது. பல்பின் அடிப்புள்ளி கட்டையின் குமிழில் இருக்க, வயரின் ஒரு முனை கட்டையின் தட்டையான அடியிலும் மறு முனை பல்பின் மரைப் பக்கத்திலும் தொட்டால்தான் எரியும். பல்புக்குத் தொடும் இடம் இரண்டு இருக்கிறது என்பதை அவள் கையால் கண்டுபிடிக்க வேண்டும். லென்ஸ் இருந்தால் காட்டுங்கள்: உள்ளே அந்த மெல்லிய இழையின் ஒரு கால் அடிப்புள்ளிக்குப் போகும், இன்னொரு கால் மரைக்குப் போகும், இரண்டும் ஒட்டாமல் நடுவே ஒரு கறுப்பு வளையம் இருக்கும்.

இதைச் சின்னப் பிள்ளை வேலை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பட்டமளிப்பு அன்று அங்கியோடு நின்ற பட்டதாரிகளிடம் இதே கட்டை, பல்பு, வயரைக் கொடுத்துப் படம் பிடித்தார்கள், அவர்களிலேயே பலர் திணறினார்கள். கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்குக்கூட வட்டம் முழுசாக வேண்டும் என்பது கையில் இல்லை.

இரண்டாம் ஆண்டு இஇஇ

தண்ணீர்த் தொட்டியை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியுமே? மாடித் தொட்டியின் உயரம்தான் வோல்டேஜ், குழாயில் ஓடுகிற தண்ணீர்தான் கரண்ட், குழாய் ஒடுங்கியிருந்தால் ரெசிஸ்டன்ஸ். எனக்குப் பள்ளியில் இப்படித்தான் சொன்னார்கள், இன்றைக்கும் மறக்கவில்லை.

பழைய லேப்

தம்பி, கல்லூரிக்கு வந்த பிறகு அது உதவும். பத்து வயதில் அது கெடுதலே செய்யும் என்பது என் கருத்து, காரணமும் சொல்கிறேன். வீட்டில் பிள்ளை பார்க்கிற தண்ணீர் குழாயில் வருகிறது, பாத்திரம் கழுவுகிறோம், சாக்கடைக்குப் போகிறது. யாரும் அதைத் திரும்ப மாடிக்கு ஏற்றுவதைப் பிள்ளை பார்ப்பதில்லை. ஆகவே "வந்தது, பயன்பட்டது, தீர்ந்தது" என்ற எண்ணம் இன்னும் பலப்படுகிறது. அந்தச் சிறுமி விடுபட வேண்டியது அதே எண்ணத்திலிருந்துதான். அப்புறம் குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், வயரை வெட்டினால் ஒன்றும் கொட்டாது, நின்றுபோகும்.

இந்தக் குழப்பம் நம் ஊரில் மட்டும் இல்லை. நியூசிலாந்தில் 1980களின் தொடக்கத்தில் ராஜர் ஆஸ்பர்ன் என்ற ஆய்வாளர் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசி, கட்டை-பல்பு பற்றி அவர்கள் மனதில் இருப்பதை நான்கு வகையாகப் பிரித்தார். சிலருக்கு ஒரு வயரே போதும், மற்றது சும்மா. சிலருக்கு இரண்டு முனையிலிருந்தும் கரண்ட் கிளம்பி வந்து பல்பில் மோதுகிறது, மோதுவதால்தான் வெளிச்சம். சிலர் வட்டமாகத்தான் சுற்றுகிறது என்பார்கள், ஆனால் பல்பைத் தாண்டும்போது குறைந்துவிடும் என்பார்கள். நான்காவதுதான் சரி: வட்டமாகச் சுற்றுகிறது, பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு. உங்கள் மகள் முதலாவதிலிருந்து மூன்றாவதுக்கு வந்து கொண்டிருக்கிறாள் தாயே, நல்ல அறிகுறி.

மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு வாயால் சொல்லி நகர்த்த முடியாது, காட்ட வேண்டும். அம்மீட்டர் எல்லாம் தேவையில்லை, சின்ன திசைகாட்டி ஒன்று போதும். கட்டையிலிருந்து பல்புக்குப் போகிற வயரை முள்ளுக்கு மேலாக, முள்ளின் வாக்கிலேயே வடக்கு தெற்காகப் படுக்க வைத்துவிட்டு, மறு முனையைத் தொட வையுங்கள். பல்பு எரிகிற கணத்தில் முள் சற்றே திரும்பும். 1820இல் டென்மார்க்கில் எர்ஸ்டெட் என்ற விஞ்ஞானி கண்டது இதைத்தான். அடுத்து, பல்பைத் தாண்டித் திரும்புகிற வயரை, ஓட்டம் அதே திசையில் இருக்கும்படி அதே முள்ளின் மேல் படுக்க வையுங்கள். முள் அதே அளவு திரும்பும். கரண்ட் பல்பில் குறைந்திருந்தால் முள்ளும் குறைவாகத்தானே திரும்பியிருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள், பதிலை அவள் சொல்லட்டும். பக்கத்தில் இரும்புச் சாமான் இருக்கக் கூடாது. சில நொடிக்கு மேல் தொட்டுக்கொண்டே இருந்தால் கட்டை வீணாகும்.

வடமராட்சி டீச்சர்

வணக்கம். எங்கட பள்ளிக்கூடத்தில் நான் கயிறு வைத்துச் செய்கிறனான், பகிர்ந்தால் உதவும் என்று நினைக்கிறேன்.

நீளமான, வழுவழுப்பான பருத்திக் கயிறு ஒன்றை எடுத்து முனைகளைச் சேர்த்துக் கட்டி ஒரு பெரிய வளையமாக்குங்கோ. பிள்ளைகள் வட்டமாக நின்று விரல்களுக்குள் தளர்வாகப் பிடிக்க வேணும், இறுக்கக் கூடாது. நான் மின்கலம். ஒரு கையால் இழுத்து மறு கையால் விடுவேன், கயிறு சுற்றத் தொடங்கும். இப்ப ஒரு பிள்ளையை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுவேன். அவர்தான் மின்குமிழ். கொஞ்ச நேரத்தில் "டீச்சர், கை சுடுது" என்று சொல்லுவார். அப்ப கேட்பேன்: கயிறு உங்கட கையில் முடிந்து போச்சுதா? இல்லை. உள்ளே வந்த கயிறு எவ்வளவோ வெளியே போனதும் அவ்வளவுதான். அப்படியெண்டால் கை எப்படிச் சுட்டது? ஆர் களைத்தது? டீச்சர்தான் களைத்தது. கயிறு ஓட்டம், சூடு நான் இழுத்த வேலையிலிருந்து வந்தது. அந்த வேலைக்கு நான் காலமை சாப்பிட்ட சாப்பாடு, மின்கலத்துக்கு உள்ளே இருக்கிற இரசாயனம்.

இதில் இன்னும் இரண்டு விஷயம் சும்மா கிடைக்கும். நான் இழுத்த உடனே தூரத்தில் நிற்கிற பிள்ளையின் கையிலும் கயிறு நகர்கிறது. என்னுடைய கையில் இருந்த துண்டு அங்கே போய்ச் சேரத் தேவையில்லை. மற்றது, ஒரு பிள்ளை கெட்டியாகப் பிடித்து நிறுத்தினால் வட்டம் முழுக்க நிற்கும், அவருக்குப் பிறகு நிற்கிறவருக்கு மட்டும் இல்லை. நைலோன் கயிறு வேண்டாம், கை தோல் உரியும்.

இரண்டாம் ஆண்டு இஇஇ

டீச்சர் சொன்ன கயிறு நிஜமாகவே நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம், கரண்ட் தீராது என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி "அப்ப கரண்ட் பில் எதுக்கு?" என்று வராதா?

சாக்பீஸ்

வர வேண்டும், வந்தால் கொண்டாட வேண்டும். பில் கரண்டுக்கு இல்லை, கயிறு இழுத்த வேலைக்கு. மீட்டரில் ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடிய கணக்கு. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட் இழுத்துவிடும், 9 வாட் எல்இடி பல்பு அதே ஒரு யூனிட்டுக்கு 111 மணி நேரம் எரியும். ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் தெரியும், அவளையே வீட்டுச் சாமான்களின் அடியில் ஒட்டியிருக்கிற வாட் எண்ணைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். சூடேற்றுகிற சாமானெல்லாம் பெரிய எண்ணாக இருப்பதை அவளே கண்டுபிடிப்பாள்: இஸ்திரிப் பெட்டி, கீசர், தண்ணீர் ஹீட்டர் கம்பி.

தாமரைக்குளம்

எல்லோருக்கும் நன்றி. கயிறு விளையாட்டைத் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துச் செய்தோம், "பல்பு"க்கு ஒரே போட்டி. மகள் சொன்னது: "அப்ப பேட்டரிக்குள்ள கரண்ட் இல்லையா? வயர்லயே இருக்கா?" இது சரியா?

ஆனால் கட்டை வேலையில் சிக்கல். குண்டு பல்பு கடையில் இல்லை, இப்போது யாரும் வாங்குவதில்லையாம், எல்இடி கொடுத்தார்கள். ஒரு கட்டையில் எப்படி வைத்தாலும் எரியவில்லை. மூன்று எல்இடி மாற்றிப் பார்த்தாயிற்று.

பழைய லேப்

மகள் சொன்னது பெரும்பாலும் சரி. நகரக்கூடிய எலக்ட்ரான்கள் செம்புக் கம்பி முழுக்க ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. பேட்டரி அவற்றைத் தள்ளுகிறது, உற்பத்தி செய்வதில்லை. சாதாரண டார்ச் கட்டை தீர்கிறது என்றால் அதன் துத்தநாகக் கூடு உள்ளிருக்கும் பொருளோடு வினைபுரிந்து கரைந்துவிட்டது என்று பொருள். பழைய கட்டையை ரிமோட்டிலேயே மறந்துவிட்டால் கசிந்து பிசுபிசுக்கிறதே, அந்தக் கூடு அரித்து ஓட்டையானதால்தான்.

எல்இடி விஷயத்துக்கு வருகிறேன். குண்டு பல்பில் இழை எந்தப் பக்கமும் கரண்டை விடும், கொஞ்சம் விட்டால் மங்கலாகவாவது சிவக்கும். எல்இடி அப்படி இல்லை. சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 1.8 முதல் 2 வோல்ட் வேண்டும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் பக்கம். ஒரு கட்டை 1.5 வோல்ட்தான், வாசலிலேயே நின்றுவிடும். எனவே இரண்டு கட்டையை வரிசையாக வையுங்கள், 3 வோல்ட். சிவப்பு எல்இடி ஒன்று, அதோடு வரிசையாக 100 ஓம் ரெசிஸ்டர் (ஓட்டத்தைக் குறைக்கிற துண்டு) ஒன்று. நீளக் கால் பிளஸ் பக்கம். மாற்றிப் போட்டால் எரியாது, எதுவும் கெட்டும் போகாது, மறுபடி திருப்பிப் போட்டால் எரியும். ஓட்டத்துக்குத் திசை உண்டு என்பதை இதிலேயே காட்டிவிடலாம்.

என்னைக் கேட்டால் எல்இடியோடு ஒரு பொம்மைக் கார் மோட்டாரும் வாங்குங்கள். 1.5 வோல்ட்டிலேயே சுற்றும், கட்டையைத் திருப்பிப் போட்டால் எதிர்ப்பக்கம் சுற்றும். தண்டில் ஒரு காகிதக் கொடி ஒட்டினால் தூரத்திலிருந்தும் தெரியும். குண்டு பல்பு எங்காவது கிடைத்தால் 2.5 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் சாக்பீஸ் சொன்ன முதல் சோதனையைப் பல்பில் செய்கிற அழகு வேறு எதிலும் வராது.

வயரிங் அண்ணாச்சி

நான் வீட்டு வயரிங் வேலை பார்க்கிறவன். எல்லாரும் நன்றாகச் சொல்கிறீர்கள், ஆனால் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். பிள்ளை கட்டையைத் தொட்டாள், வயரைத் தொட்டாள், ஷாக் அடிக்கவில்லை. அடுத்து அவள் பார்வை எங்கே போகும்? சுவரில் இருக்கிற பிளக் ஹோலுக்கு. கட்டை 1.5 வோல்ட், வீட்டுச் சுவரில் 230 வோல்ட், நூற்றைம்பது மடங்கு. முதல் நாளே, முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்: நம் சோதனை எல்லாம் கட்டையோடு சரி, சுவரில் இருக்கிற எதிலும் கம்பி, ஆணி, விரல் எதுவும் போகக் கூடாது.

அதோடு சில வீட்டில் பிள்ளை கையில் பட்டன் பேட்டரி கொடுக்கிறார்கள், எல்இடி நேராக எரிகிறது என்று. தம்பி தங்கை கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கிய சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி, காத்திருக்கக் கூடாது. பழைய செல்போன் பேட்டரியும் கூடாது, இரு முனையும் இடித்தால் தீப்பிடிக்கும். சாதாரண கட்டையிலும் பல்பு இல்லாமல் வயரை மட்டும் இரண்டு முனைக்கும் கொடுத்தால் வயர் சுடும், அதைத்தான் நாங்கள் ஷார்ட் என்கிறோம்.

தாமரைக்குளம்

அண்ணாச்சி, நீங்கள் சொன்னதை மகளிடம் படித்துக் காட்டினேன். அவள் உடனே மடக்கிவிட்டாள்: "வட்டம் முழுசானாத்தான் கரண்ட் ஓடும்னு எல்லாரும் சொன்னாங்க. அப்ப ஒரே ஒரு வயரைத் தொட்டா எப்படி ஷாக் அடிக்கும்?"

வயரிங் அண்ணாச்சி

பிள்ளை என்னோடு வேலைக்கு வரலாம். வேலைக்கு வருகிற பெரிய பையன்களில்கூட இதைக் கேட்காதவர்கள் உண்டு.

வட்டம் அங்கேயும் முழுசாகத்தான் ஆகிறது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெருவில் இருக்கிற டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் கம்பியை, அதாவது கரண்ட் திரும்புகிற கம்பியை, மண்ணில் எர்த் அடித்திருப்பார்கள். நீங்கள் தரையில் நின்று பேஸ் வயரை, அதாவது கரண்ட் வருகிற வயரை, தொட்டால், கரண்ட் கை வழியாக வந்து உடம்பு வழியாகக் கால், தரை, மண் என்று போய் டிரான்ஸ்பார்மரின் அந்த எர்த்தில் ஏறிவிடும். இரண்டாவது வயர் நம் காலடி மண். அதனால்தான் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால் அடி பலம். செருப்புப் போட்டிருக்கிறேன், மர ஸ்டூலில் நிற்கிறேன் என்று தைரியமும் கூடாது, சுவரை இன்னொரு கை தொட்டால் கதை முடிந்தது.

காக்கா கம்பியில் உட்காருவதும் இதே கணக்கு. இரண்டு காலும் ஒரே கம்பியில், தரையைத் தொடவில்லை, வட்டம் இல்லை. ஆனால் கம்பியில் பெரிய பழந்தின்னி வௌவால் செத்துத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் இறக்கை விரித்தால் ஒரு கம்பியிலிருந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிடும் அளவு நீளம். இதைப் பிள்ளைக்குச் சொன்னால் மறக்காது.

கண்காட்சிக்கு ஒரு மூன்று முள் பிளக்கையும் கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள், வயர் இல்லாமல் வெறும் பிளக். எர்த் முள் மட்டும் ஏன் நீளம், ஏன் பருமன் என்று கேட்டு எழுதிப் போடலாம். நீளம் எதற்கென்றால், சொருகும்போது அதுதான் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். பருமன் எதற்கென்றால், மற்ற ஓட்டையில் அது நுழையக் கூடாது. இஸ்திரிப் பெட்டியின் உள்ளே பேஸ் வயர் உரிந்து தகட்டில் பட்டால், கரண்ட் உங்கள் உடம்பைத் தேடாமல் அந்த முள் வழியாக மண்ணுக்குப் போகும், பியூஸ் போகும் அல்லது எம்சிபி (தானாக அணைகிற ஸ்விட்ச்) விழும். எர்த் முள்ளை வெட்டிவிட்டு இரண்டு முள்ளோடு சொருகுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாம் ஆண்டு இஇஇ

ஒரு விஷயம் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். தேர்வில் "மின்னழுத்தம் வரையறு" என்றுதானே கேட்பார்கள்? வோல்ட், ஆம்பியர் எல்லாம் சொல்லாமல் கயிறு, பல்பு, மோட்டார் என்றே போனால் மார்க் என்ன ஆவது?

சாக்பீஸ்

கோபம் இல்லை, பெற்றோர் எல்லோரும் கேட்கிற கேள்வி. ஐந்தாம் வகுப்பில் வோல்ட் என்ற எண் கட்டையின் மேலேயே அச்சடித்திருக்கிறது, அதைப் படிக்கட்டும். ஒரு கட்டையில் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது, இரண்டு கட்டையில் வேகமாகச் சுற்றுகிறது, இரண்டில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டால் சுற்றவே இல்லை. வோல்ட் என்பது தள்ளுகிற பலம், கட்டைகளின் பலம் கூடும், எதிரெதிராக வைத்தால் கழியும். பத்து வயதுக்கு இது போதும். வரையறை வரும்போது, ஏற்கெனவே கையால் தெரிந்த ஒன்றுக்குப் பெயர் வைக்கிற மாதிரி இருக்கும். பெயரை முதலில் கொடுத்துவிட்டுப் பொருளை மூன்று வருடம் கழித்துத் தருகிற இன்றைய வழியில்தான் எனக்குச் சம்மதம் இல்லை.

பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு ஓடுகிறதா, மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்கா என்ற சண்டையையும் இந்த வயதில் கொண்டுவர வேண்டாம். பெஞ்சமின் பிராங்க்ளின் காலத்தில் பிளஸ், மைனஸ் என்று பெயர் வைத்தார்கள், எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் 1897இல்தான் கண்டார், அதற்குள் படமெல்லாம் பிளஸ்ஸிலிருந்து அம்புக்குறி போட்டுப் பழகிவிட்டது. எலக்ட்ரான் எதிர்ப்பக்கமாக நகர்கிறது. கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

பழைய லேப்

கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். கரண்ட் மின்னல் வேகத்தில் ஓடுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வீட்டு லைட்டுக்கு இழுக்கிற 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் டார்ச் பல்பு இழுக்கிற 0.3 ஆம்பியர் ஓடினால், எலக்ட்ரான்கள் சராசரியாக நகர்கிற வேகம் மணிக்கு 8 சென்டிமீட்டர் பக்கம்தான். எறும்பு முந்திக்கொண்டு போகும். ஆனாலும் ஸ்விட்ச் போட்டதும் எரிகிறது, ஏனென்றால் வடமராட்சி டீச்சரின் கயிறு மாதிரி வட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் நகரத் தொடங்குகிறது. வீட்டுக் கரண்டில் இன்னும் விசேஷம், அங்கே எலக்ட்ரான் எங்கேயும் போவதே இல்லை, இருந்த இடத்திலேயே நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

தாமரைக்குளம்

8 சென்டிமீட்டர் விஷயத்தைச் சார்ட்டில் பெரிதாக எழுதிவிட்டாள். குண்டு பல்பு இரண்டு கிடைத்தது, சைக்கிள் கடைப் பக்கத்தில் ஒரு பழைய கடையில். இரண்டையும் வரிசையாக வைத்தால் முதல் பல்பு பிரகாசமாகவும் இரண்டாவது மங்கலாகவும் எரியும் என்று அவள் பந்தயம் கட்டினாள். வைத்துப் பார்த்தால் நிஜமாகவே ஒன்று கொஞ்சம் மங்கல்தான்! இப்போது என்ன சொல்வது?

சாக்பீஸ்

இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். அதே மங்கல் பல்பு முதலில் வந்தாலும் மங்கலாகவே இருக்கும். கடைக்குக் கடை, பல்புக்குப் பல்பு இழையில் சிறு வித்தியாசம் இருக்கும், இடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இடம் மாற்றிப் பார்க்கிற இந்தப் பழக்கம் வந்துவிட்டால் அவள் விஞ்ஞானிதான்.

அப்புறம் இரண்டு பல்பையும் தனித்தனி வயரில் அதே கட்டைகளோடு பக்க இணைப்பாக இணைக்கட்டும். இரண்டும் முழு வெளிச்சத்தில் எரியும், ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரியும். முன்பு வரிசையாக வைத்தீர்களே, அந்தத் தொடரிணைப்பில் ஒன்றைக் கழற்றினால் இரண்டும் அணையும். வீட்டில் ஹால் லைட்டை அணைத்தால் சமையலறை லைட் ஏன் அணைவதில்லை என்ற கேள்வியைச் சார்ட்டில் எழுதிப் பக்கத்தில் இதை வைத்தால் போதும். கயிறு விளையாட்டில் இதற்கு ஒரே ஆள் இரண்டு கயிற்றை இழுக்க வேண்டும், ஆகவே கட்டையும் சீக்கிரம் தீரும்.

வயரிங் அண்ணாச்சி

கோயில் கொடைக்குப் போடுகிற பழைய சீரியல் செட் முழுக்கத் தொடரிணைப்புதான். 6 வோல்ட் குட்டி பல்பு நாற்பது பக்கம் வரிசையாகச் சேர்த்தால் 230 வோல்ட்டைத் தாங்கும். ஒன்று போனால் அத்தனையும் போகும், எது போனது என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போவோம். ஆனால் எரியாத சீரியல் செட்டில் கரண்ட் இல்லை என்று நினைத்து பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. பல்பு அறுந்த அந்த இடைவெளியில் முழு 230 வோல்ட்டும் காத்துக்கொண்டு நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும். எல்இடி செட்டுக்கும் அதே சட்டம்தான்.

வடமராட்சி டீச்சர்

கடத்தி, காவலி (மின்சாரத்தைக் கடத்தாத பொருள்) சோதனையும் வைக்கிறீங்கள் எண்டால் ஒரு கவனம். மின்விசிறி மோட்டாரில் சுற்றுகிற செம்புக் கம்பியைப் பிள்ளைகள் கொண்டு வருவினம், மின்குமிழ் எரியாது, "செம்பு கடத்தாது" என்று எழுதிப்போடுவினம். அதற்கு மேலே கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருக்கு. இரு முனையையும் பிளேடால் சுரண்டிப் போட்டு இணைத்தால் உடனே எரியும், பிளேட்டைப் பெரிய ஆக்கள் பிடிக்க வேணும். பென்சிலின் கரிக்குச்சி கடத்தும், அதுவும் பிள்ளைகளுக்கு அதிசயம். உப்புத் தண்ணியில் குண்டுமின்குமிழ் எரியாது, அதுக்குப் போதிய ஓட்டம் வராது. 9 வோல்ட் மின்கலம், எல்இடி, 470 ஓம் தடை வைத்துப் பாருங்கோ, நல்லா எரியும். வடிகட்டிய மழைத் தண்ணியில் மங்கும், உப்பு ஒரு கரண்டி போடப் போட வெளிச்சம் கூடும்.

இரண்டாம் ஆண்டு இஇஇ

சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டு ஒட்ட வைப்பதையும் சேர்க்கலாமே?

பழைய லேப்

சேர்க்கலாம், ஆனால் கடற்கரை ஊர் என்றால் கண்காட்சி அன்று ஏமாற்றிவிடும். ஈரக் காற்றில் மின்னூட்டம் நிற்காமல் கசிந்து போகும், எண்ணெய் வைத்த தலை என்றால் இன்னும் மோசம். பிவிசி குழாய்த் துண்டைக் கம்பளித் துணியால் தேய்த்தால் ஓரளவு தைரியமாகச் செய்யலாம். எலுமிச்சம்பழ பேட்டரி பற்றியும் யாராவது சொல்வார்கள், ஒரு பழத்தில் துத்தநாகம் பூசிய ஆணியும் செம்பும் குத்தினால் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும், கரண்ட் மிகக் குறைவு, டார்ச் பல்பு எரியவே எரியாது. மூன்று நான்கு பழம் வரிசையாக வைத்தால் இருட்டு அறையில் சிவப்பு எல்இடி லேசாகத் தெரியும். சக்தி ஆணியின் துத்தநாகம் கரைவதிலிருந்து வருகிறது, பழத்திலிருந்து வருவதில்லை என்று எழுதாமல் விட்டால் பார்க்க வருகிறவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டு போவார்கள். சோதனை செய்த பழத்தைச் சாப்பிடக் கூடாது.

தாமரைக்குளம்

முடிவு செய்துவிட்டாள்: ஒரு வயர் சோதனை, திசைகாட்டி, இரண்டு பல்பு, மூன்று முள் பிளக், வௌவால் படம். சீப்பும் எலுமிச்சையும் இல்லை. தெர்மாகோல் அட்டையில் எல்லாவற்றையும் பொருத்த வேண்டும், வயர் கழன்றுகொண்டே இருக்கிறது. அண்ணாச்சி, ஏதாவது வழி?

வயரிங் அண்ணாச்சி

செலோ டேப்பை நம்பாதீர்கள், கட்டைக்கு ஹோல்டர் வாங்கிவிடுங்கள். வயர் முனையை விரலளவு உரித்து, இழைகளை முறுக்கி, திருகில் சுற்றும்போது திருகு இறுகுகிற பக்கமாகவே சுற்ற வேண்டும், எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுக்க இறுக்க வெளியே வந்துவிடும். தெர்மாகோலுக்குப் பதில் பழைய மரப் பலகை அல்லது கெட்டி அட்டை எடுங்கள். ஸ்விட்ச்சுக்குத் தகரக் கீற்று ஒன்றும் இரண்டு குண்டூசியும் போதும். போகும்போதும் வரும்போதும் கட்டையை ஹோல்டரிலிருந்து கழற்றித் தனிப் பையில் போடச் சொல்லுங்கள், பையில் சாவிக்கொத்து, சில்லறை இருந்தால் முனையில் பட்டு ஷார்ட் ஆகும். மாற்றுக் கட்டை ஒரு ஜோடி கையில் இருக்கட்டும், மதியத்துக்குள் வெளிச்சம் குறைய ஆரம்பிக்கும்.